மறையூர் முனியறையும் மூன்று வகைக் கார்பனும்

உடுமலையிலிருந்து மூணாறு போகிற சாலையில் சின்னாறு சோதனைச் சாவடியைத் தாண்டி மலையேறினால் மறையூர் வரும். மாவட்டம் இடுக்கி, மாநிலம் கேரளம். ஆனால் கடைத்தெருவில் காதில் விழுவது பெரும்பாலும் தமிழ்தான். ஊரைச் சுற்றியுள்ள பாறை மேடுகளில், பலகைக் கற்களைச் செங்குத்தாக நிறுத்தி மேலே ஒரு கல்லை மூடிய கற்திட்டைகள் நிற்கின்றன. உள்ளூரில் முனியறை என்பார்கள். பாண்டவர்கள் வந்து தங்கினார்கள் என்று கதையும் உண்டு. பார்க்க வருகிறவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி: "அண்ணே, இதைக் கார்பன் டேட்டிங் பண்ணிட்டாங்களா?"

கல்லைப் பண்ண முடியாது. ஒரு காலத்தில் உயிரோடு இருந்த பொருளுக்குத்தான் அந்த முறை செல்லும். முனியறைக்கு அடியில் கரித்துண்டோ எலும்போ தானியமோ கலையாமல் கிடைத்தால், அதற்கு வயது சொல்லலாம். அதுவும் அந்தக் கரியின் வயதுதான். அறையைக் கட்டியவர்கள் மூட்டிய அடுப்பிலிருந்து வந்த கரியா, பின்னால் மழைக்கு ஒதுங்கிய ஆடு மேய்ப்பவர் விட்டுப்போனதா என்பதை மண்ணடுக்கு சொல்ல வேண்டும். பல அறைகள் திறந்தபடி, உடைந்தபடி கிடக்கையில் அந்த அடுக்கை நம்புவது கஷ்டம்.

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு பொது நம்பிக்கை இருக்கிறது. கார்பன் என்றால் கார்பன்-14, கார்பன்-14 என்றால் வயது. செய்தித்தாள் தலைப்பு முழுக்க அதற்கே போய்விட்டது. என் கணக்கில், இந்த எல்லை மலைகளைப் பற்றி அதிகம் சொல்லியிருப்பது தலைப்பில் வராத கார்பன்-13. இரண்டும் சொல்லும் விஷயம் வேறுவேறு. ஒரு கார்பன் அணு காற்றை விட்டு எப்போது விலகியது என்பது 14-இன் வேலை. எந்த வழியாக உயிருக்குள் நுழைந்தது என்பது 13-இன் வேலை.

அடிப்படை எளிது. எல்லாக் கார்பன் அணுவின் கருவிலும் ஆறு புரோட்டான். நியூட்ரான் ஆறு இருந்தால் கார்பன்-12, ஏழு இருந்தால் 13, எட்டு இருந்தால் 14. இந்த மூன்றையும் கார்பனின் ஐசோடோப்புகள் என்பார்கள். இயற்கையில் 98.9 சதவீதம் கார்பன்-12. 1.1 சதவீதம் கார்பன்-13. இவை இரண்டும் நிலையானவை, காலம் போனாலும் மாறாது. கார்பன்-14 ஒரு லட்சம் கோடி அணுக்களில் ஏறத்தாழ ஒன்று. அது மட்டும் சிதையும். வேதியியலில் மூன்றும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும், ஆனால் எடை வித்தியாசத்தால் வேகத்தில் மிகச் சிறிய மாற்றம் வரும். அந்தச் சிறிய மாற்றத்தில்தான் கார்பன்-13-இன் கதை முழுவதும் இருக்கிறது.

கார்பன்-14 தரையில் பிறப்பதில்லை. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தின் உயர் அடுக்குகளில் மோதி நியூட்ரான்களைச் சிதறடிக்கின்றன. அந்த நியூட்ரான் ஒரு நைட்ரஜன்-14 அணுவில் புகுந்து ஒரு புரோட்டானை வெளியே தள்ளினால், மிஞ்சுவது கார்பன்-14. உலகம் முழுக்க ஆண்டுக்கு இப்படி உருவாவது ஏழெட்டு கிலோதான். அது ஆக்சிஜனோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாகி, செடி வழியாக எல்லா உயிருக்கும் போகிறது. உயிரோடு இருக்கும்வரை, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பது போல, சிதைவதும் சேர்வதும் ஈடாகிவிடும். செத்ததும் சேர்வது நிற்கும். 5,730 ஆண்டில் பாதி, இன்னொரு 5,730-இல் கால் என்று குறைந்துகொண்டே போய், ஏறத்தாழ 50,000 ஆண்டுக்கு மேல் அளக்க ஒன்றும் மிஞ்சாது.

1940-இல் அமெரிக்காவின் பெர்க்லியில் மார்ட்டின் காமன், சாம் ரூபன் இருவரும் கார்பன்-14-ஐக் கண்டுபிடித்தார்கள். அதை வயது காட்டும் கருவியாக்கிய வில்லார்ட் லிபிக்கு 1960-இல் நோபல் பரிசு. லிபி அன்று பயன்படுத்திய அரை ஆயுட்காலம் 5,568 ஆண்டு. அது தவறு என்று தெரிந்த பிறகும், பழைய முடிவுகளோடு குழப்பம் வரக்கூடாது என்று, உலகம் முழுக்க ஆய்வகங்கள் இன்றும் முதல் கணக்கை அந்த எண்ணிலேயே போடுகின்றன. 'இன்றிலிருந்து இத்தனை ஆண்டுக்கு முன்' என்று அவர்கள் சொல்லும்போது, 'இன்று' என்பதற்கு 1950-ஆம் ஆண்டு என்று பொருள். வேடிக்கைதான், ஆனால் பின்னால் திருத்தப் பட்டியல் ஒன்று இருப்பதால் நஷ்டமில்லை.

கதிரியக்கம் என்றதும் பயப்படுகிறவர்களுக்கு: நம் ஒவ்வொருவர் உடம்பிலும் வினாடிக்கு 3,000-க்கு மேல் கார்பன்-14 அணுக்கள் சிதைந்துகொண்டிருக்கின்றன. இளநீரிலும் உண்டு, தாய்ப்பாலிலும் உண்டு. சவறா, மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் பேசப்படும் கதிர்வீச்சு இதல்ல. அது மோனசைட் என்ற கனிமத்தில் உள்ள தோரியத்தின் சமாச்சாரம்.

லிபி காலத்தில் சிதைவை ஒவ்வொன்றாக எண்ணினார்கள். ஒரு கிராம் புதுக் கார்பனில் நிமிடத்துக்குச் சுமார் 14 சிதைவுதான் என்பதால் கிராம் கணக்கில் கரி வேண்டும், நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும். 1970-களின் இறுதியில் வந்த முடுக்கி நிறைமாலைமானி சிதைவுக்குக் காத்திருக்காமல் அணுக்களையே நேராக எண்ணுகிறது. சில மில்லிகிராம் போதும், ஒரு நெல்மணி போதும்.

இந்த மலைக்குக் கிழக்கே, பழனிக்குப் பக்கத்தில் இருக்கும் பொருந்தலில் நடந்தது அதுதான். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் கா. ராஜன் குழு அகழ்ந்த ஈமக்குழி ஒன்றில், நாலு கால் சாடிக்குள் நெல் கிடைத்தது. அதை முடுக்கி முறையில் அளந்ததில் கி.மு. 490 என்று வந்தது. அதே குழியில் எழுத்துப் பொறித்த மட்பாண்டத் தாங்கியும் இருந்ததால் தமிழி எழுத்தின் காலம் பற்றிய விவாதம் சூடாயிற்று. 2019-இல் வெளியான கீழடி அறிக்கையில் கரித்துண்டு ஒன்றுக்குக் கி.மு. 580. இரண்டு எண்ணும் இப்போது பேச்சுப்போட்டியில் மனப்பாடமாக ஒப்பிக்கப்படுகிறது.

அந்த எண்களைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். காற்றில் கார்பன்-14 அளவு எல்லா நூற்றாண்டிலும் ஒரே மாதிரி இருந்ததில்லை. சூரியனின் போக்கு, பூமியின் காந்தப்புலம் இவற்றைப் பொறுத்து ஏறி இறங்கும். அதனால் மரவளையங்களையும், அவை எட்டாத காலத்துக்கு வேறு படிவுகளையும் அளந்து ஒரு திருத்தக்கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். 2020-இல் புதுப்பித்த கோடு 55,000 ஆண்டுவரை போகிறது. அந்தக் கோட்டில் ஏறத்தாழ கி.மு. 800 முதல் 400 வரை ஒரு தட்டையான பகுதி வருகிறது. ஆஸ்திரியாவில் உள்ள ஹால்ஸ்டாட் என்ற ஊரின் பெயரால் அதைக் குறிப்பிடுவார்கள். கி.மு. 750-இல் வெட்டிய மரத்திலும் கி.மு. 450-இல் அறுத்த நெல்லிலும் இன்று மிஞ்சியிருக்கும் கார்பன்-14 கிட்டத்தட்ட ஒரே அளவு. கருவி எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் இரண்டையும் பிரிக்க முடியாது. பொருந்தல், கீழடி இரண்டின் எண்ணும் விழுவது இந்த நானூறு ஆண்டுத் தட்டைக்குள்தான். ஆகவே அவற்றை நீண்ட ஒரு வரம்பின் பிரதிநிதியாகப் படிக்க வேண்டும், பிறந்த தேதியாக அல்ல. தமிழ் நாகரிகத்தின் பழமைக்கு இதனால் பங்கம் ஒன்றும் இல்லை. பல மாதிரிகளை அடுக்கு வரிசையில் சேர்த்து அளந்தால் வரம்பு குறுகும்.

பொருந்தலில் நெல் கிடைத்தது ஒரு விதத்தில் அதிர்ஷ்டம். நெல் ஒரே பருவத்தில் விளைந்து முடிகிறது. மரக்கரி அப்படியில்லை. பரம்பிக்குளத்தில் கன்னிமரா தேக்கு இருக்கிறது. கேரளத்தில் நிற்கும் மரம், ஆனால் ஆனைமலை, சேத்துமடை வழியாகத் தமிழ்நாட்டுச் சாலையில்தான் அங்கே போக முடியும். அதற்குச் சில நூற்றாண்டு வயது சொல்கிறார்கள். மரத்தின் நடு வளையம் அது உருவான ஆண்டோடு காற்றிலிருந்து கார்பன் எடுப்பதை நிறுத்திவிட்டது. அப்படி ஒரு மரத்தின் வைரத்தை இன்றைக்கு அடுப்பில் எரித்து அந்தக் கரியை ஆய்வகத்துக்கு அனுப்பினால், அடுப்பு பல நூறு ஆண்டு பழையது என்று விடை வரும். ஆய்வகத்தின் மேல் தப்பில்லை, கேட்ட கேள்விக்குப் பதில் வந்திருக்கிறது.

சரி, 13-க்கு வருவோம். அதைப் பேச மறையூரைவிட நல்ல இடம் கிடையாது, காரணம் கரும்பு. மறையூரைச் சேர்ந்த மழை மறைவுப் பகுதியான அஞ்சுநாட்டில் கரும்பு நன்றாக வரும். ஆலையில் பிழிந்து, சக்கையையே எரித்து, கொப்பரையில் பாகு காய்ச்சி, கையால் உருட்டி எடுக்கிற உருண்டை வெல்லத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

செடிகளில் பெரும்பாலானவை காற்றிலிருந்து கார்பனைப் பிடிக்க ரூபிஸ்கோ என்ற நொதியை நேரடியாகப் பயன்படுத்துகின்றன. நெல், தேயிலை, தென்னை, சந்தனம், பூண்டு, உருளை, சோலை மரங்கள் எல்லாம் இந்த வகை. இவற்றை சி3 செடிகள் என்பார்கள். ரூபிஸ்கோவுக்கு எடை குறைந்த கார்பன்-12 மேல்தான் ஆசை. கனமான 13-ஐக் கணிசமாகக் கழித்துவிடும். வெயிலும் வறட்சியும் தாங்கப் பழகிய சில செடிகள் வேறு வழி கண்டன. முதலில் இன்னொரு நொதி கார்பனைப் பிடித்து, உள்ளே ஒரு தனி உறையில் அடைத்து, அங்கே ரூபிஸ்கோவிடம் ஒப்படைக்கிறது. அடைத்த இடத்தில் பொறுக்கி எடுக்க அதிக வாய்ப்பில்லை, 13-உம் உள்ளே போய்விடும். இவை சி4 செடிகள். கரும்பு, சோளம், மக்காச்சோளம், கேழ்வரகு, தினை, சாமை, வெப்ப நாட்டுப் புற்களில் பெரும்பாலானவை இந்தக் கூட்டம். இந்த வழியின் முதல் தடயமே கரும்பில்தான் கிடைத்தது. ஹவாய்த் தீவின் கரும்பு ஆய்வாளர் ஹ்யூகோ கோர்ச்சாக் அதைக் கவனித்தார். 1966-இல் ஆஸ்திரேலியாவில் மார்ஷல் ஹாட்ச், ரோஜர் ஸ்லாக் இருவரும் முழுப் பாதையையும் வரைந்தார்கள்.

அளவைச் சொல்லும் முறை கொஞ்சம் விநோதமானது. தென் கரோலினாவில் கிடைத்த ஒரு கடல் உயிரிப் புதைபடிவத்தைப் பூஜ்ஜியமாக வைத்து, 12-க்கு 13 எவ்வளவு என்ற விகிதம் அதைவிட ஆயிரத்துக்கு எத்தனை கூட, எத்தனை குறைவு என்று சொல்வார்கள். அந்தப் புதைபடிவம் எப்போதோ தீர்ந்துபோய்விட்டது, அளவுகோல் மட்டும் ஒப்பந்தப்படி நிற்கிறது. சி3 செடி ஏறத்தாழ மைனஸ் 27. சி4 செடி ஏறத்தாழ மைனஸ் 12 அல்லது 13. நடுவில் பெரிய இடைவெளி இருப்பதால் குழப்பத்துக்கு இடமில்லை. செடியில் பதிந்தது அதைத் தின்ற மாட்டிலும், மாட்டுப் பாலிலும், பாலைக் குடித்த பிள்ளையின் எலும்பிலும் சிறு மாற்றத்தோடு தொடரும்.

இதன் சந்தைப் பயன் தேனில் தெரிகிறது. மலைத்தேன் வாங்குகிறவர்கள் "அக்கா, ஒரிஜினல்தானே?" என்று கேட்டுவிட்டு, தண்ணீரில் விட்டும் தீக்குச்சியில் தொட்டும் பார்க்கிறார்கள். அதனால் ஒன்றும் தெரியாது. தேனீ போகும் பூக்களில் பெரும்பாலானவை சி3. அதனால் தேன் மைனஸ் 25-ஐ ஒட்டி இருக்கும். கரும்புப் பாகு கலந்தால் எண் மேலே ஏறும். தேனில் உள்ள இனிப்பையும் அதே தேனில் உள்ள புரதத்தையும் தனித்தனியே அளந்து ஒப்பிடுவார்கள், ஏனென்றால் கலப்படக்காரர் சேர்ப்பது இனிப்பை மட்டும். சி4 சர்க்கரை 7 சதவீதத்தைத் தாண்டினால் தேன் தேறாது, நம் உணவுப் பாதுகாப்புத் தரத்திலும் இந்த வரம்பு உண்டு. அப்புறம் கலப்படக்காரர்களும் படித்தார்கள். அரிசிப் பாகு சி3 என்பதால் இந்தச் சோதனையில் அழகாகத் தப்பிவிடும். அதைப் பிடிக்க வேறு சோதனைகள் தேவைப்பட்டன. இன்னொரு பக்கம், ஆலைக்குப் பக்கத்தில் கூடு வைத்த தேனீ சிந்திய பாகை உறிஞ்சினால், யாரும் ஏமாற்றாமலே தேனில் கரும்பு ஏறலாம். ஐசோடோப்புக்கு உள்நோக்கம் தெரியாது.

வெல்லத்தில் நிலைமை இன்னும் மோசம். வெளியூர் வெல்லத்தை மறையூர் பெயரில் விற்கிறார்கள் என்பது அங்கே பழைய குறை. கார்பன்-13 இதில் உதவாது. சமவெளிக் கரும்பும் மலைக் கரும்பும் சி4, வெள்ளைச் சீனியும் அதே கரும்பிலிருந்து வந்ததுதான்.

மறையூருக்கு மேலே இரவிகுளத்தில் வரையாடு மேயும் புல்மலைகள் இருக்கின்றன. மடிப்புகளில் சோலைக்காடு, மற்ற இடமெல்லாம் புல். நீலகிரியிலும் இதே காட்சி. இந்தப் புல்வெளி ஏன் காடாகவில்லை என்பது நெடுநாள் சண்டை. முன்பு முழுக்கக் காடாக இருந்தது, மனிதர்கள் வெட்டியும் தீ வைத்தும் புல்லாக்கிவிட்டார்கள் என்பது ஒரு கட்சி. அந்த எண்ணத்தோடு, சும்மா கிடக்கிற நிலம் என்று, பல இடங்களில் சீகை மரமும் தைல மரமும் நட்டுத் தள்ளினார்கள்.

விடை நீலகிரியின் சதுப்புப் பள்ளங்களில் கிடைத்தது. அங்கே செத்த செடி முழுதாக மக்காமல் அடுக்கடுக்காகக் கரிய பீட் மண்ணாகச் சேர்ந்திருக்கிறது. ஆய்வாளர்கள் ஆர். சுகுமார், ஆர். ரமேஷ் உள்ளிட்ட குழு அதை அடுக்கு அடுக்காக எடுத்து, ஒவ்வொன்றிலும் 14-ஐ அளந்து வயதையும், 13-ஐ அளந்து தாவர வகையையும் குறித்தது. 1993-இல் நேச்சர் இதழில் வெளியான அந்த ஆய்வின்படி, சுமார் 20,000 முதல் 18,000 ஆண்டுகளுக்கு முன், உலகமே பனியுகத்தின் உச்சத்தில் இருந்தபோது, நீலகிரியில் சி4 புல் கோலோச்சியது. சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் பருவமழை வலுத்தபோது எண் சி3 பக்கம் சாய்ந்தது. அதன் பிறகும் வறட்சி வந்தபோது மறுபடி புல். கோடாலியும் தோட்டமும் வருவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே புல்வெளி அங்கே இருந்திருக்கிறது.

இதில் ஒரு எச்சரிக்கையும் சேர்க்க வேண்டும். பனியுகத்தில் காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் 190-ஐ ஒட்டித்தான் இருந்தது. கார்பன் டை ஆக்சைடு குறைந்தால் சி4 செடிக்குக் கொண்டாட்டம். ஆக அந்த எண்ணில் பாதி மழையின் கதை, பாதி காற்றின் கதை, எது எவ்வளவு என்று பிரிப்பது சுலபமில்லை. ஆனால் மேலே இருந்தது புல்லா மரமா என்பதில் சந்தேகமில்லை. சீகை நட்டவர்கள் கையில் இந்த ஆய்வு அன்று இருந்திருந்தால் நடாமல் விட்டிருப்பார்களா என்பது வேறு கேள்வி. தோல் பதனிடும் பட்டையும் தேயிலை ஆலைக்கு விறகும் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

சுகுமார் யானையிலும் இதைச் செய்து பார்த்தார். காட்டில் யானையைப் பார்க்கிறவர்கள் அது புல் தின்பதைத்தான் அதிகம் பார்ப்பார்கள், திறந்த வெளியில் நிற்பதுதானே கண்ணில் படும். ஆனால் தென்னிந்திய யானைகளின் எலும்புப் புரதத்தை அளந்தால், உடம்பு கட்டியதில் பெரும்பங்கு மரத்தழையும் பட்டையும் சேர்ந்த சி3 உணவுக்குப் போகிறது. காய்ந்த புல்லில் வயிறு நிறையும், புரதம் கிடைக்காது. சின்னாறு, அமராவதி வழியாக இரண்டு மாநிலத்துக்கும் நடக்கும் யானைகளுக்குப் புல்லோடு தழை தரும் காடும் வேண்டும் என்பதற்கு இது நல்ல சாட்சி.

வாளையார் பக்கம் போனால் இரண்டு ஐசோடோப்பும் சேர்ந்தால்தான் ஆகும் என்பது புரியும். எல்லைக்கு அந்தப் பக்கம் வாளையாரிலும் இந்தப் பக்கம் மதுக்கரையிலும் சுண்ணாம்புக்கல்லைச் சுடும் சிமெண்ட் சூளைகள், நடுவே நெடுஞ்சாலையில் லாரி வரிசை, ஊருக்குள் தென்னை மட்டை எரியும் அடுப்பு. டீசலும் மட்டையும் பழைய, புதிய சி3 உயிர்களிலிருந்து வந்தவை, 13-இல் ஏறத்தாழ ஒன்றுபோல இருக்கும். ஆனால் மட்டைப் புகையில் 14 முழுசாக உண்டு, டீசலில் பல கோடி ஆண்டுக்கு முன்பே தீர்ந்துவிட்டது. சுண்ணாம்புக்கல்லிலும் 14 இல்லை. அதை டீசலிலிருந்து பிரிப்பது 13, ஏனென்றால் கடலில் உருவான சுண்ணாம்புக்கல் பொதுவாகப் பூஜ்ஜியத்தை ஒட்டி நிற்கும்.

இந்தப் புகையெல்லாம் சேர்ந்து உலகக் காற்றின் கணக்கையே மாற்றிவிட்டது. 14 இல்லாத கார்பன் கலந்து காற்று நீர்த்துப்போவதை 1955-இல் விஞ்ஞானி ஹான்ஸ் சூயஸ் காட்டினார். உடனேயே எதிர்த் திசையில் ஒரு தள்ளு வந்தது. அணுகுண்டுச் சோதனைகளின் நியூட்ரான்கள் வானத்தில் புதுக் கார்பன்-14-ஐ உண்டாக்கி, 1963-64-இல் வட அரைக்கோளத்தில் அதன் அளவை ஏறத்தாழ இரட்டிப்பாக்கின. வெளிச்சோதனைத் தடை ஒப்பந்தத்துக்குப் பின் அது கடலிலும் மண்ணிலும் இறங்கி, இப்போது பழைய நிலைக்கே வந்துவிட்டது. அந்த மேடு இருப்பதால் 1955-க்குப் பின் வளர்ந்த எதற்கும், பிடிபட்ட யானைத் தந்தம் உட்பட, ஓரிரு ஆண்டுத் துல்லியத்தில் காலம் சொல்லலாம். யானை எப்போது செத்தது, தந்தம் பழைய குடும்பச் சொத்து என்ற கதை நிற்குமா என்பது வழக்கில் பயன்படுகிறது.

13-உம் காற்றில் சரிகிறது. தொழிற்புரட்சிக்கு முன் மைனஸ் 6.5-ஐ ஒட்டி இருந்தது இன்று மைனஸ் 8.5. இது உணவு ஆராய்ச்சியில் ஒரு சின்னப் பொறி. சி3-க்கும் சி4-க்கும் இடைவெளியே 14-15 தான், அதில் 2 என்பது ஏழில் ஒரு பங்கு. இரண்டாயிரம் ஆண்டுப் பழைய எலும்பை இன்றைய எலும்போடு ஒப்பிடும்போது இன்றைய எண்ணில் அந்த 2-ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும். கூட்ட மறந்தால், இன்றைக்கு நாம் தின்பதையே தின்ற ஒருவரும் ஏழில் ஒரு பங்கு கூடுதலாகக் கேழ்வரகும் தினையும் தின்றவராகத் தெரிவார்.